ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் மார்கழி விழாக்காலம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அமைந்துள்ளன. டிசம்பர் நடுவில் தொடங்கிப் பொங்கல் வரை நீளும் பனிக்காலமே இவ்விரு ஊர்களின் பெரிய விழாக்காலம். ஆண்டாள் கோயிலின் மார்கழி உற்சவங்கள், தேவாலயங்களின் கிறிஸ்துமஸ், திருமங்கலம் – கொல்லம் சாலையில் இரவு பகலாகச் செல்லும் சபரிமலைப் பயணிகள் என மூன்றும் ஒரே மாதத்தில் நெருங்கி வருகின்றன. இவற்றுள் மிகப் பழையது மார்கழி நீராட்டு. கன்னிப் பெண்கள் தாங்களே நோற்ற ஒரு நோன்பு, இன்று ஆண்டாளுக்குச் செய்யப்படும் சடங்காக மாறியிருப்பதே அதன் வரலாறு.

பனியும் நாட்கணக்கும்

இவ்வட்டாரத்தின் குளிர் ஊட்டியின் குளிரோ கொடைக்கானலின் குளிரோ அன்று. குளிர்நாட்டார் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் கரிசல் விளிம்பு ஊருக்கு, விடியலில் மலையிலிருந்து இறங்கும் வாடையும் புல்லில் நிற்கும் பனியும் பெரிய மாற்றமே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்களில் நீர் நிற்கும் காலமும் இதுதான். நீராட்டு விழா ஒன்று இம்மாதத்தில் அமைந்ததற்கு நீர் இருப்பதே முதற்காரணம் எனலாம்.

மற்றொரு காரணம் வானத்தில் உள்ளது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் தை முதல் நாளும், பகல் மிகக் குறுகிய நாளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகி, இன்று குறும்பகல் நாள் மார்கழி முதல் வாரத்திலேயே (டிசம்பர் 21 அல்லது 22) வந்துவிடுகிறது. சூரியன் வடக்கே திரும்பும் முன்னுள்ள இருண்ட மாதம், தேவர்களின் விடியற்காலம் என்ற மார்கழியின் பெருமை அந்தப் பழைய கணக்கிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸும் இத்தகைய கணக்கின் அருகில் நிற்கிறது. ரோமானியரின் பழைய நாட்காட்டி மரபில் டிசம்பர் 25 குறும்பகல் நாளாகக் கொள்ளப்பட்டது. அந்நாளில் இயேசு பிறப்புக் கொண்டாடப்பட்டதற்கான மிகப் பழைய சான்று, 354-இல் தொகுக்கப்பட்ட ரோமானிய ஆவணத்தில் 336-ஆம் ஆண்டுக்குரிய குறிப்பாக உள்ளது.

வையையிலிருந்து வில்லிபுத்தூருக்கு

மார்கழி நீராட்டின் பழைய சித்திரம் பரிபாடலில் கிடைக்கிறது. வையையைப் பாடும் 11-ஆம் பாடலில், மார்கழித் திருவாதிரையில் தொடங்கும் நோன்பை நல்லந்துவனார் வருணிக்கிறார். சடங்கறிந்த முதுபெண்டிர் முறை காட்ட, கன்னியர் பனிக்காற்றில் ஆற்றில் ஆடி, ஈர ஆடையை வேள்வித் தீயருகே உலர்த்துகின்றனர். அதற்கு அம்பா ஆடல் என்று பெயர். தைந்நீராடல் என்றும் அது குறிக்கப்படுகிறது. உலகம் குளிர வேண்டும் என்பது அவர்களின் வேண்டுதல். நல்ல கணவன் வேண்டும் என்பதும் உடன் உண்டு. இங்கே ஆறும் குளிரும் நோன்பும் பெண்களுடையவை. அந்தணர் சடங்கு நடத்தினாலும் நீரில் இறங்குபவர்கள் பெண்களே.

ஆண்டாள் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டே திருப்பாவையின் 30 பாசுரங்களைப் பாடினார். அவருடைய காலம் பொதுவாக 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகிறது. 13-ஆம் பாசுரத்தில் வரும் வெள்ளி, வியாழன் ஆகிய கோள்களின் நிலையை வைத்து மு. இராகவையங்கார் 731-ஆம் ஆண்டைக் குறித்தார். இரண்டாம் பாசுரம் நோன்பின் விதிகளைச் சொல்கிறது: நெய்யும் பாலும் விலக்கு, மையும் மலரும் விலக்கு, விடியலில் நீராட்டு. 27-ஆம் பாசுரத்தில் விலக்கு நீங்கி, அணிகலன் பூண்டு, நெய் வழியும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்ணும் காட்சி வருகிறது. மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லியாக அக்காரவடிசிலுடன் கொண்டாடப்படுவது இதனால்தான். திருப்பாவையில் நோற்பவர் ஒருத்தி அல்லர். ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து எழுப்பிக்கொண்டு போகும் தெருப்பெண்களின் கூட்டம் அது.

அந்தக் கூட்டம் ஆற்றங்கரையிலிருந்து எப்போது விலகியது என்று ஆண்டு குறித்துச் சொல்லும் ஆவணம் இல்லை. பாட்டு மட்டும் வெகுதூரம் போயிற்று. பாங்காக்கின் பிராமணக் கோயிலில் நடைபெறும் திரியம்பாவாய் விழாவின் பெயர் திருவெம்பாவை, திருப்பாவை ஆகியவற்றின் திரிபு. அதன் பகுதியாக இருந்த பெரிய ஊஞ்சல் சடங்கு 1935-இல் நிறுத்தப்பட்டது. திருமலையில் மார்கழி முழுதும் சுப்ரபாதத்திற்குப் பதில் திருப்பாவை ஓதப்படுகிறது. 20-ஆம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பாசுரங்களுக்கு இசையமைத்தார். கச்சேரி மேடையும் ஒலிபெருக்கியும் அவற்றை எங்கும் கொண்டுசென்றன. பாட்டு பெருகிய அளவுக்கு நோன்பு சுருங்கியது. இன்று பெரும்பாலான ஊர்களில் பெண்களுக்கு எஞ்சியிருப்பது வாசல் கோலமும், அதன் நடுவில் சாணத்தில் செருகிய பூசணிப்பூவும்தான். விடியற்காலை பஜனையில் முன்னே நடப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

மகளுக்குச் செய்யும் சீர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாற்றம் வேறு விதமாக நடந்தது. இங்கே ஆண்டாள் தெய்வம் மட்டும் அல்லர், பெரியாழ்வாரின் வீட்டுப் பெண். மார்கழி உற்சவங்கள் பலவும் அந்த உறவுமுறையில்தான் அமைந்துள்ளன. பகல்பத்து தொடங்கும் நாளில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் பெரியாழ்வாரின் வழிவந்தோராகக் கருதப்படும் வேதபிரான் பட்டரின் திருமாளிகைக்கு எழுந்தருள்கின்றனர். பிறந்த வீட்டுக்கு வந்த மகளையும் மருமகனையும் வரவேற்க, காய்களும் கனிகளும் வாசலில் பரப்பி வைக்கப்படுகின்றன. இதற்குப் பச்சைப் பரப்பு என்று பெயர். திரட்டுப்பாலும் படைக்கப்படுகிறது. பட்டுக்கும் பொன்னுக்கும் முன்னால் காய்கறியை வைக்கும் இந்த வரவேற்பு, மழை முடிந்து தோட்டங்கள் காய்க்கும் பருவத்தோடு பொருந்துகிறது.

வைகுண்ட ஏகாதசிக்கு முன்னும் பின்னுமாகப் பகல்பத்து, இராப்பத்து நடைபெறுகின்றன. பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்தும் அரையர் சேவை இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை போன்ற மிகச் சில தலங்களிலேயே உயிரோடிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அவற்றுள் ஒன்று.

இம்மாதத்தின் உச்சம் மார்கழி நீராட்டு என்னும் எண்ணெய்க்காப்பு உற்சவம். எட்டு நாட்கள் ஆண்டாள் திருமுக்குளத்தின் கரையிலுள்ள எண்ணெய்க்காப்பு மண்டபத்திற்கு எழுந்தருள்கிறார். அங்கே கூந்தல் கோதி, சிடுக்கு நீக்கி, தைலம் சாத்தி நீராட்டுகிறார்கள். தலைமுழுகும் பெண்ணுக்குத் தாய் செய்யும் வேலைகள் இவை. 61 வகை மூலிகைகளைப் பல நாட்கள் காய்ச்சி எடுக்கும் இந்தத் தைலத்தைப் பக்தர்கள் மருந்தாக வாங்கிச் செல்கின்றனர். குளிரில் தாங்களே நீரில் இறங்கிய பெண்களின் நோன்பு, அவர்களுக்காக ஒருத்தி நீராடும் விழாவாக மாறிவிட்டது. இதில் இழப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிற ஊர்களில் பாசுரம் மட்டும் எஞ்சியிருக்க, குளக்கரையும் நீரும் கூந்தலும் எண்ணெயும் ஒருசேர நிலைத்தது இங்கேதான்.

ராஜபாளையத்தின் தெலுங்கு வழி

ராஜபாளையம் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். தெலுங்கில் இம்மாதம் தனுர்மாசம். பக்கத்து ஊர்க் கதையைத் தெலுங்கில் பெருங்காவியமாக்கியவர் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529). அவரது ஆமுக்தமால்யதாவின் களம் ஸ்ரீவில்லிபுத்தூர். அதில் விஷ்ணுசித்தர், அதாவது பெரியாழ்வார், வரும் அடியார்களுக்குப் பருவம் பார்த்து உணவிடுகிறார். குளிர்காலப் பந்தியில் மிளகுக் காரம் ஏறிய சூடான கறிகளும் நெய்யும் காய்ச்சிய பாலும் இடம்பெறுகின்றன. இந்நாட்டுச் சமையலில் மிளகாய் பரவாத காலம் அது. அரசியல் காவியமாகவும் படிக்கப்படும் இந்நூல், ஒரு சிற்றூரின் பனிக்காலச் சாப்பாட்டையும் பதிந்து வைத்திருக்கிறது.

கிறிஸ்துமஸ்

1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. சீர்திருத்தக் கிறிஸ்தவ மிஷன்கள் தெற்குத் திருநெல்வேலியில் வேரூன்றிய பிறகே இந்த வடபகுதியில் ஊன்றி வேலை செய்தன. கேம்பிரிட்ஜில் ஆய்வாளராக இருந்த தாமஸ் ராக்லண்ட், 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் சிவகாசியை மையமாகக் கொண்டு வடதிருநெல்வேலி ஊழியத்தைத் தொடங்கினார். பங்களா கட்டி அமராமல், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றது இந்த ஊழியத்தின் தனித்தன்மை. தெற்குச் சபைகளின் தமிழ் உபதேசியார்களும் உடன் சென்றனர். ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியில் காலமானார்.

அதே 1858-இல், திருநெல்வேலிப் பகுதியின் வைணவக் குடும்பமொன்றில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) திருமுழுக்குப் பெற்றார். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறிய அவருடைய மொழி இரட்சணிய மனோகரத்தின் பாடல்கள் வழியாகத் தமிழ்ச் சபைகளுக்குள் சென்றது. தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் டிசம்பர் இரவுகளில் தெருத்தெருவாகப் பாடிச் செல்வதைப் பஜனை என்றும் கீதபவனி என்றும் அழைப்பதுண்டு. குல்லாயும் மப்ளரும் அணிந்து, பனியில் வீட்டு வாசல்தோறும் நின்று பாடும் அந்தக் கூட்டத்தில் பெண்களும் சிறுமியரும் இருப்பார்கள். தோழியின் வாசலில் நின்று பாடி எழுப்பும் திருப்பாவைக் காட்சிக்கு, இந்த வட்டாரத்தில் இன்று மிக நெருங்கியது இதுவே என்று சொன்னால் இரு தரப்பும் வியக்கக்கூடும்.

விழாக்காலம் போகியோடு முடிகிறது. பல வைணவக் கோயில்களில் அன்றுதான் ஆண்டாள் திருக்கல்யாணம், நோன்பின் பலனாக. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி பிறந்த வீட்டுக்குரிய மாதம். ஆண்டாள் – ரெங்கமன்னார் திருக்கல்யாணப் பெருவிழா, குளிர் போய் வெயில் ஏறிய பிறகு, பங்குனி உத்திரத்தில் நடைபெறுகிறது.