கொழுந்துக் கூடையும் பேச்சுவார்த்தை மேசையும்

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த பீர்மேடு, தேவிகுளம் வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். பலர் தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தலித் குடும்பத்தினர். ஆனால் கண்காணி, மேலாளர், தொழிற்சங்கத் தலைவர் என அவர்களுக்கு மேலிருந்த படிகள் யாவும் ஏறத்தாழ முழுவதும் ஆண்களுடையவை.

இந்த அமைப்பு வெளிப்படையாகக் கேள்விக்குள்ளானது தேவிகுளம் வட்டத்து மூணாறில். 2005இல் டாடா டீ நிறுவனம் அங்குத் தோட்ட நிர்வாகத்திலிருந்து விலக, தொழிலாளர் பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் நிறுவனம் உருவானது. தொழிலாளருக்குப் பங்கு கிடைத்தது. பறிக்கும் பெண்களின் குரல் முடிவெடுக்கும் இடத்தை எட்டவில்லை.

2015இல் 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திச் சாலையை மறித்தனர். 20 சதவீத போனசும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக உயர்த்துவதும் கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்கள் நிர்வாகத்தோடு ஒத்துப்போகிறார்கள் என்று குற்றஞ்சாட்டி, அவர்களைப் போராட்டக் களத்துக்குள் அனுமதிக்க மறுத்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற இவ்வியக்கத்தில் லிஸ்ஸி சன்னி, கோமதி, இந்திராணி ஆகியோர் முன்னின்றனர்.

ஒன்பது நாள்களில் 8.33 சதவீத போனசும் 11.67 சதவீதக் கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது. அந்த ஆண்டின் உள்ளாட்சித் தேர்தலிலும் இயக்கத்தினர் சில இடங்களை வென்றனர்.

கூலியின் கதை வேறு. அதை முடிவுசெய்யும் தோட்டத் தொழிலாளர் குழுவில் அரசுக்கும் நிர்வாகத்தினருக்கும் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்குமே இடம் உண்டு. அக்டோபரில் அங்கே முடிவானது 301 ரூபாய். பின்னர் தலைவியரிடையே எழுந்த பிளவு இயக்கத்தை மேலும் தளர்த்தியது.

தலைமையில் பால்சமத்துவம் என்பது பெரும்பாலும் மேல்மட்டப் பதவிகளில் பெண்களை எண்ணிப் பார்ப்பதாகவே சுருங்கிவிடுகிறது. மூணாறு காட்டுவது வேறொன்று. சங்கங்கள் விட்டுக்கொடுத்த போனசை மீட்டது பெண்களின் நேரடித் தலைமை. அதே தலைமைக்குக் கூலி பேசும் மேசையில் நிலையான இருக்கை இல்லாததால், கேட்ட 500 எட்டாமலே போனது. பீர்மேடு முதல் மூணாறு வரை கொழுந்து பறிக்கும் கைகள் பெண்களுடையவை என்றிருக்க, அவற்றுக்குரிய கூலியைப் பேசும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பதே முதலில் ஆராயப்பட வேண்டியது.