வீடு திரும்பிய முகமூடிகள்

பிள்ளைகளைப் பார்க்கக் கனடா போய் வருபவர்கள் நம் குடியிருப்பில் பலர். நீங்கள் வான்கூவர் வழியாகப் போயிருந்தால், அந்த விமான நிலையத்தின் சர்வதேசப் புறப்பாட்டுப் பகுதியில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய வெண்கலப் படகைப் பார்த்திருப்பீர்கள். கரடி, ஓநாய், கழுகு, தவளை, மனிதர்கள் என்று எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் படகு. பில் ரீட் என்ற சிற்பியின் படைப்பு அது. அவருடைய தாய் ஹைடா என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். 2004-ல் கனடா வெளியிட்ட 20 டாலர் நோட்டின் பின்பக்கத்திலும் இந்தச் சிற்பத்தின் படம் உண்டு.

இன்று விமான நிலையத்திலும் பணத்தாளிலும் பெருமையாக வைக்கப்படும் இந்தக் கலை, ஒரு காலத்தில் அதே நாட்டில் பறிமுதல் செய்யப்பட்ட பொருள். அந்தக் கதை தெரியாமல் அங்குள்ள அருங்காட்சியகங்களைச் சுற்றினால் பாதிதான் பார்த்தவர்கள் ஆவோம். அடுத்த முறை நீங்கள் போகும்போது கையில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பத்திரப்பதிவு போன்ற ஒரு விருந்து

கனடாவின் மேற்குக் கடற்கரையில் பல பூர்வகுடிகள் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர், வான்கூவர் தீவின் வடபகுதியில் இருக்கும் குவாக்வக்கவாக் மக்கள். மீனும் சீடார் மரமும் அவர்கள் வாழ்வின் ஆதாரம். ஹைடா மக்களைப் போலவே இவர்களிடமும் 'பாட்லாட்ச்' என்றொரு வழக்கம் உண்டு. கொடுத்தல் என்ற பொருளில் வந்த சொல் அது.

திருமணம், பெயர் சூட்டல், ஒரு தலைவரின் மறைவு, வாரிசுக்கு உரிமை மாற்றம் என்று எது நடந்தாலும் ஊர்களை அழைத்து விருந்து வைப்பார்கள். முகமூடி அணிந்து ஆடுவார்கள். அந்த ஆட்டமும் பாட்டும் முகமூடியும் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் சொத்து. மற்றவர்கள் ஆடக் கூடாது. கடைசியில் வந்தவர்களுக்கெல்லாம் வீட்டுக்காரர் பொருள் கொடுப்பார். நம் ஊரில் விருந்துக்கு வந்தவர் மொய் எழுதுவார். அங்கே விருந்து வைத்தவர் அள்ளிக் கொடுப்பார். எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவு மதிப்பு.

எதற்காகக் கொடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். எழுத்து வழக்கம் இல்லாத சமூகம் அது. இந்தப் பெயர் இன்னாருக்கு, இந்த ஆட்டம் இன்ன குடும்பத்துக்கு என்பதை யார் நினைவில் வைப்பது? வந்த விருந்தினர்கள்தான் சாட்சி. அவர்கள் வாங்கிக்கொள்ளும் பொருள் அந்தச் சாட்சிக்கான மரியாதை. வீடு வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் கால்கடுக்க நின்றவர்கள் நாம். பதிவு இல்லாமல் உரிமை நிற்காது என்பது நமக்குத் தெரியும். பாட்லாட்ச் அந்த மக்களின் பதிவு அலுவலகம். முகமூடிகள் அவர்களுடைய மூலப்பத்திரங்கள்.

1885 முதல் குற்றம்

பாதிரிமார்களுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் இது புரியவில்லை, புரிந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. இருப்பதையெல்லாம் தானம் செய்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது அநாகரிகம் என்றார்கள். இந்த வழக்கம் இருக்கும்வரை இவர்களை மதம் மாற்றவும் முடியாது, 'நாகரிகம்' கற்பிக்கவும் முடியாது என்று எழுதினார்கள். கனடா நாடாளுமன்றம் 1884-ல் சட்டத்தைத் திருத்தியது. 1885 ஜனவரி 1 முதல் பாட்லாட்ச் நடத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமானது.

மக்கள் விடவில்லை. அதிகாரி எளிதில் வர முடியாத தீவுகளில், புயல் அடிக்கும் குளிர்காலத்தில் நடத்தினார்கள். சில சமயம் கிறிஸ்துமஸ் பரிசு என்ற பெயரில் வீடு வீடாகப் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

1921 டிசம்பரில் வில்லேஜ் தீவு என்ற சிறு தீவில் டான் கிரான்மர் என்பவர் ஆறு நாள் நடந்த பெரிய பாட்லாட்ச் ஒன்றை வைத்தார். போர்வைகள், மாவு மூட்டைகள் மட்டுமல்ல. தையல் இயந்திரங்கள், கிராமபோன்கள், மோட்டார் படகுகள் வரை கொடுத்தார். செய்தி வெளியே போயிற்று. 45 பேர் மீது வழக்கு. என்ன குற்றம் தெரியுமா? மேடையில் பேசியது, ஆடியது, பரிசுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது. அந்த வட்டாரப் பூர்வகுடிகளை நிர்வகித்த அரசு முகவர் வில்லியம் ஹாலிடே. அவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்தார்.

பிறகு ஒரு பேரம் முன்வைக்கப்பட்டது. உங்கள் ஊரார் எல்லாரும் முகமூடிகள், உடுப்புகள், செப்புக் கேடயங்கள் அனைத்தையும் ஒப்படைத்தால் சிறை இல்லை. இதை ஏற்காதவர்களில் ஏறத்தாழ 20 பேர், ஆண்களும் பெண்களுமாக, வான்கூவர் அருகே இருந்த ஓக்காலா சிறைக்குப் போனார்கள். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் உறவுகளைக் காப்பாற்றப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கொடுக்கப்பட்டவை முதலில் அலர்ட் பே என்ற ஊரின் மாதா கோயில் மண்டபத்தில் பெஞ்சுகள் மேல் பரப்பி வைக்கப்பட்டன. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை, நியூயார்க்கில் அருங்காட்சியகம் வைத்திருந்த ஜார்ஜ் ஹேய் என்ற சேகரிப்பாளருக்கு ஹாலிடே விற்றார். மிச்சம் ஒட்டாவாவுக்குப் போனது. அங்கிருந்து ஒரு பகுதி டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தத் துறையின் உயர் அதிகாரியான டங்கன் கேம்ப்பெல் ஸ்காட் சிலவற்றைத் தம் சொந்தச் சேகரிப்பில் வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்களுக்குப் பெயரளவில் ஒரு தொகை வந்தது. ஆயிரக்கணக்கான போர்வைகளுக்குச் சமமாக மதிக்கப்பட்ட செப்புக் கேடயங்களுக்கு எதுவும் தரப்படவில்லை.

திரும்பிக் கேட்டவர்கள்

1951-ல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது இந்தத் தடைப்பிரிவு சத்தமில்லாமல் விடப்பட்டது. 1953-ல் மங்கோ மார்ட்டின் என்ற சிற்பி, விக்டோரியா நகரில் ஒரு மரபு வீட்டைக் கட்டி, தடை போன பிறகான முதல் பாட்லாட்சை ஊரறிய நடத்தினார். ராயல் பிரிட்டிஷ் கொலம்பியா அருங்காட்சியகத்தை ஒட்டிய தண்டர்பேர்ட் பூங்காவில் அந்த வீட்டை இன்றும் பார்க்கலாம்.

தடை போனது, பொருட்கள் வரவில்லை. கேட்டவர்களுக்கு ஒட்டாவா அருங்காட்சியகம் ஒரு நிபந்தனை போட்டது: பாதுகாப்பாக வைக்க அருங்காட்சியகம் கட்டினால் தருகிறோம். சொந்தக்காரரின் பொருளை அவரிடமே திருப்பிக் கொடுக்க நிபந்தனை! ஆனாலும் கட்டினார்கள். 1979-ல் கேப் மட்ஜ் என்ற ஊரில் ஒன்று. 1980 நவம்பர் 1-ஆம் தேதி அலர்ட் பே ஊரில் இன்னொன்று; அதன் பெயர் உமிஸ்தா பண்பாட்டு மையம். அதன் முதல் காப்பாட்சியர் மானிடவியல் படித்த குளோரியா கிரான்மர் வெப்ஸ்டர். பாட்லாட்ச் வைத்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்ட டான் கிரான்மரின் மகள்.

அந்தக் காலத்தில் பகைவர்களிடம் சிறைப்பட்டவர்கள் மீட்கப்பட்டோ தப்பியோ ஊர் திரும்பினால் அவர்களுக்கு 'உமிஸ்தா' கிடைத்தது என்பார்களாம். அதனால்தான் மையத்துக்கு அந்தப் பெயர்.

மற்ற இடங்களுக்குச் சிதறிப் போனவையும் மெல்ல வரத் தொடங்கின. டொரன்டோ அருங்காட்சியகம் 1988-ல் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. ஹேயின் சேகரிப்பு பின்னர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் போயிருந்தது. அங்கிருந்து 1993-லும் 2002-லும் சில வந்தன. ஒரு தலையணி பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோனின் வீடு வரை போயிருந்தது. 2003-ல் அவர் மகள் அதைத் திருப்பிக் கொடுத்தார். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மட்டும் தன்னிடமிருந்த முகமூடியை 2005-ல் நீண்டகாலக் கடனாகத்தான் கொடுத்தது.

இந்த உணர்வு நமக்குப் புதிதல்ல. பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. 1991-ல் அவர் தாயகம் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். சிலை வந்தது என்று நாம் சொல்வதில்லை. சாமி வந்தார் என்கிறோம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் சாமியைக் கொண்டுபோனது திருட்டு, அதைத் தேடச் சட்டம் துணை நின்றது. அங்கே கொண்டுபோனதே சட்டம்.

நீங்கள் போகும்போது

வான்கூவரில் இருந்தால், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மானிடவியல் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். ஆர்தர் எரிக்சன் வடிவமைத்த கட்டடம், 1976-ல் திறந்தது. உயர்ந்த கண்ணாடிச் சுவர்களின் வெளிச்சத்தில் நிற்கும் பழைய மரத்தூண்களும், சிப்பியிலிருந்து முதல் மனிதர்கள் எட்டிப்பார்க்கும் பில் ரீடின் மரச்சிற்பமும் அங்கே இருக்கின்றன. நகர மையத்தில் பில் ரீட் பெயரிலேயே ஒரு கலைக்கூடம் உண்டு. விஸ்லர் பக்கம் சுற்றிப் பார்க்கப் போனால் ஸ்குவாமிஷ், லில்வாட் என்ற இரு பூர்வகுடிகள் சேர்ந்து நடத்தும் பண்பாட்டு மையத்துக்கும் போய்வரலாம்.

பெரிய அருங்காட்சியகங்களில் ஒரு வேலை செய்யுங்கள். பொருளை ரசித்த பிறகு பக்கத்திலுள்ள குறிப்பைப் படியுங்கள். யார் செய்தது, எந்த மக்களுடையது, எந்த ஆண்டு, எப்படி வந்தது? ஆண்டு 1885-க்கும் 1951-க்கும் நடுவே இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். 'வாங்கப்பட்டது' என்று போட்டிருந்தாலும், வைத்திருந்தால் குற்றம் என்ற பயத்தில் இருந்தவர் விற்ற விற்பனை எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். பேரப்பிள்ளைகள் உடன் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். நல்ல பேச்சுக்கு அது வழி.

நேரமும் உடல்நலமும் இருந்தால் அலர்ட் பே வரை போங்கள். வான்கூவருக்கு அருகிலிருந்து நனைமோவுக்குக் கார் ஏற்றும் கப்பல். அங்கிருந்து போர்ட் மெக்நீல் வரை சுமார் நாலு மணி நேரக் கார்ப் பயணம். பிறகு முக்கால் மணி நேரம் இன்னொரு கப்பல். ஒரே நாளில் போய் வர முடியாது. இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். மையம் எந்த நாட்களில் திறந்திருக்கும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

உமிஸ்தாவில் பறிமுதலாகித் திரும்பிய முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. இத்தனை வருடம் பூட்டிக் கிடந்தவற்றை மறுபடி பூட்டக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஒரு பெரிய வீட்டின் கூடம் போன்ற அறையில் அவை திறந்தபடி உங்களை நேருக்கு நேர் பார்க்கின்றன. பக்கத்தில் அந்தக் கால அதிகாரிகள் எழுதிய வரிகளும் ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளும் இருக்கின்றன.

மையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் இருக்கும். பூர்வகுடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசவிடாமல் வளர்த்த செயின்ட் மைக்கேல் உறைவிடப் பள்ளி 1929 முதல் அங்கே நின்றது. 2015 பிப்ரவரியில், அங்கே படித்தவர்கள் கூடியிருக்க, அதை இடித்தார்கள். ஒரு கட்டடம் மொழியை மறக்கடிக்க முயன்றது. அதை ஒட்டிய இன்னொரு கட்டடத்தில் இன்று அதே க்வாக்வாலா மொழியைக் காக்க வேலை நடக்கிறது.

சில மரியாதைகளையும் நினைவில் வையுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஊருக்குள் வண்ணத் தூண்கள் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது அவர்களுடைய இடுகாடு. சாலையிலிருந்து பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது. நினைவுப்பொருள் வாங்கினால், செய்த கலைஞரின் பெயரும் அவருடைய குடியின் பெயரும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாத மலிவுப் பொருட்கள் பெரும்பாலும் எங்கோ தொழிற்சாலையில் செய்தவை. அந்தப் பணம் அவர்களுக்குப் போய்ச் சேராது.

பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ இருக்கிறார்கள் என்பவர்களுக்கும் இதே கேள்விகள் உதவும். எந்த நாட்டுப் பூர்வகுடி அருங்காட்சியகமானாலும், இது எப்படி இங்கே வந்தது, இதைப் பற்றி இங்கே பேசுவது யார் என்ற இரண்டையும் கேளுங்கள். போய் வந்தவர்கள் பார்த்ததை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறோம்.