படிக்க ஒருவர், பயன் சொல்ல ஒருவர்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்த வருடம் ஒரு கேள்வி வந்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் செய்யுள் படிப்பிக்க வேணுமா, அல்லது அதை விட்டுவிடலாமா என்பதுதான் அது. "கதைக்கத் தெரிந்தால் காணும், எழுத்துக்கூட்டி வாசித்தால் அதுவே பெரிய காரியம், இதற்குள் செய்யுள் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களில் பிழை சொல்ல ஏலாது. கிழமை முழுக்க ஆங்கிலத்தில் வாழ்கிற பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத்தில் எதைத்தான் கொடுப்பது? ஆனாலும் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னர், எங்கட ஆக்கள் இவ்வளவு காலமும் செய்யுளை எப்படிப் படிப்பித்து வந்தார்கள் என்று ஒருக்கால் திரும்பிப் பார்ப்பது நல்லது. நான் பண்டிதன் அல்ல. ஏ.எல். வரை படித்துவிட்டு இப்போது நியூஜேர்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். வேலை இல்லாத நேரங்களில் வாசித்து அறிந்தவற்றை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

ஏடும் காதும்

பழைய ஏட்டுச் சுவடியைக் கண்டவர்களுக்குத் தெரியும், அதில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வெளி இல்லை. பாட்டின் அடி முடிகிற இடத்தில் வரி முடியாது. ஓலையின் ஓரம் மட்டும் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒரே வடிவம். எகரமோ ஏகாரமோ என்பதையும் இடம் பார்த்துத்தான் பிடிக்க வேணும். அப்படியென்றால் ஒருவன் அதை எப்படி வாசித்தான்? பாட்டின் ஓசை முதலே அவனுடைய காதில் இருந்தது. ஓசை தெரிந்தபடியால் அடி பிரிந்தது, அடி பிரிந்தபடியால் சொல் பிரிந்தது, சொல் பிரிந்த பிறகு பொருள் வந்தது. இன்றைக்கு நாங்கள் 'கவிதை ஆய்வு' என்று தனியாகச் சொல்லுகிற காரியம் அன்றைக்கு வாசிப்புக்குள்ளேயே இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை என்று மனனம் செய்ததை நாங்கள் வெறும் பாடமாக்கல் என்று பகிடி பண்ணுகிறோம். அது ஏட்டுக்குள் நுழைகிறதுக்கு ஒரு திறப்பு என்பதை மறந்துபோகிறோம்.

ஆனால் மனனம் மட்டும் போதும் என்று எங்கட முன்னோர் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கர் வகை சொல்லப்படுகிறது. அன்னமும் பசுவும் போன்றவர்கள் முதல் தரம். மண்ணும் கிளியும் போன்றவர்கள் இடைத்தரம். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அவர் முதலிடம் கொடுக்கவே இல்லை! இன்னொரு கணக்கும் அங்கே இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்குதான் வரும். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதால் இன்னொரு கால். மிச்சம் அரைவாசியும் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். இந்தக் கணக்கை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேணும். இந்தக் கட்டுரையின் சாரம் அதற்குள்தான் இருக்கிறது.

புராணப் படிப்பு

நன்னூலார் சொன்ன அந்த அரைவாசிப் பங்கை யாழ்ப்பாணத்துச் சனம் கோயில் மண்டபத்தில் நடத்திக் காட்டியது. அதைத்தான் புராணப் படிப்பு என்கிறோம். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களைக் கொண்டது. அதை ஒருவர் இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருக்கிற மற்றவர் அந்தப் பாட்டுக்குப் பயன் சொல்லுவார். பயன் என்றால் பொருள்தான். ஆனால் அந்தச் சொல்லின் அழகைப் பாருங்கள். பாட்டுக்குப் பொருள் மட்டும் இருந்தால் போதாது, பயனும் இருக்க வேணும்! படிக்கிறவர் சொல்லைப் பிழையாகப் பிரித்தால் பயன் சொல்லுகிறவர் இடறுவார். பயன் சொல்லுகிறவர் வழுக்கினால், தூணோடு சாய்ந்திருந்து கேட்கிற ஒரு கிழவர் தொண்டையைக் கனைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டக்காரரும் ஆச்சிமாரும் வருடாவருடம் கேட்டுக் கேட்டே கந்தபுராணத்தை அறிந்திருந்தார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் 'கந்தபுராண கலாசாரம்' என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

உண்மையை மறைக்கவும் கூடாது. அந்த மண்டபங்கள் பலவற்றுக்குள் எல்லாச் சனத்தையும் விடவில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்திய தலைமுறைகளில் எத்தனை பேர் வெளிவீதியில் நின்று பாட்டுக் கேட்டிருப்பார்கள்? முறை நல்ல முறை. கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை.

கும்பகோணத்தில் நடந்தது

படிப்பிக்காமல் விட்ட செய்யுளுக்கு என்ன நடக்கும்? உ.வே. சாமிநாதையரின் கதை அதற்குச் சாட்சி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் ஆண்டுக்கணக்காகப் பாடம் கேட்டவர் அவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அவர் படிக்காதது கொஞ்சம்தான். அப்படிப்பட்டவர் 1880 இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, முதலியார் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்திருக்கவில்லை. அவருக்கு அது பாடமாகச் சொல்லப்படவும் இல்லை. தமிழின் பெருங்காப்பியம் ஒன்று, தமிழ் படிப்பிக்கிற இடங்களிலேயே வழக்கொழிந்து கிடந்தது. யாரும் அதை எரிக்கவில்லை, தடை செய்யவும் இல்லை. பாடத்தில் இருந்து விழுந்துபோனது, அவ்வளவுதான்.

பிறகு ஐயர் ஏட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. அது சைன சமயக் காப்பியம். அந்தச் சமயத்தின் வழக்கங்களும் சொற்களும் தெரியாமல் நகர முடியவில்லை. விளக்கம் தேடி அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களின் வீட்டுக்குப் போனார். போன இடத்தில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், அந்த வீட்டில் சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடுகிறார்கள்! பெரிய புலவர்கள் மறந்துபோன நூலை ஒரு சிறுபான்மைச் சமூகம் வீட்டுக்குள் வைத்துப் படித்தும் பொருள் சொல்லியும் வந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டுத் தெளிந்து, 1887 இல் ஐயர் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். பிறகு சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும், மணிமேகலை 1898 இலும் வந்தன. அகதியாய் வந்து சிறு கூட்டமாய் வாழ்கிற எங்களுக்கு இந்தக் கதையில் பெரிய ஆறுதல் இருக்கிறது. பாட்டைக் காப்பாற்றப் பெரிய சமூகம் தேவையில்லை. படிக்க ஒருவரும் பயன் சொல்ல ஒருவரும் இருந்தால் காணும்.

அச்சும் சோதனையும்

இதற்கிடையில் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டு வந்தது. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியில் ஆங்கிலக் கல்வியோடு தமிழும் படிப்பித்தார்கள். கலித்தொகையை 1887 இல் அச்சிட்ட சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். நாங்கள் இப்போது அமெரிக்காவுக்கு வந்து தமிழ் வகுப்பு நடத்துகிறோம், அமெரிக்கர் இருநூறு வருடத்துக்கு முன்னரே வட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டார்கள்! ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாலபாடங்கள் எழுதினார். பெரியபுராணத்தை வசனமாக்கி 1852 இல் வெளியிட்டார். சொல்லைப் பிரித்து, குறியீடு இட்டு, பிள்ளை தானே வாசிக்கக்கூடிய புத்தகங்களைத் தந்தார். இது பெரும் தொண்டு. ஆனால் ஒரு விளைவும் கூடவே வந்தது. புத்தகத்தில் பொருள் அச்சடித்திருக்கிறபோது, பயன் சொல்ல ஒருவர் எதற்கு என்று ஆகிவிட்டது.

1945 இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. கோயில் மண்டபத்துக்குள் போக முடியாதிருந்த வீட்டுப் பிள்ளைக்கும் வகுப்பறைக்குள்ளே நளவெண்பாவும் கம்பராமாயணமும் கிடைக்க வழி பிறந்தது. இதை நாங்கள் ஒருநாளும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் சோதனை பெரிதாகப் பெரிதாக, செய்யுள் சிறிதாகிப் போனது. நான் படித்த காலத்தில் ரியூசன் வகுப்பில் 'நயம் எழுதுக' என்ற கேள்விக்குக் குறிப்புத் தருவார்கள். எதுகை மோனை சிறப்பாக அமைந்துள்ளது, உவமை அணி கையாளப்பட்டுள்ளது, ஓசை நயம் பாடலுக்கு மெருகூட்டுகின்றது. இந்த மூன்று வசனமும் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்! பாட்டை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமல் ஓசை நயத்துக்குப் புள்ளி எடுத்தவர்கள் எத்தனை பேர்! நன்னூலாரின் கிளிகூட வாயைத் திறந்தாவது பேசியது.

இது எங்களுக்கு மட்டும் வந்த வருத்தம் அல்ல. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் மாணவர்களுக்குப் புலவர் பெயர் போடாமல் பாட்டுக்களைக் கொடுத்து, அபிப்பிராயம் எழுதச் சொன்னார். நல்ல பள்ளிக்கூடங்களில் படித்து வந்தவர்கள்கூடப் பாட்டின் நேர்ப்பொருளையே பிடிக்காமல் பழகிப்போன வசனங்களை எழுதியிருந்தார்கள். இதை அவர் 1929 இல் புத்தகமாக வெளியிட்டார். எங்கட பக்கத்தில் 1970 இல் பேராசிரியர் க. கைலாசபதியும் கவிஞர் இ. முருகையனும் சேர்ந்து 'கவிதை நயம்' என்ற நூலை எழுதினார்கள். கவிதையை எப்படி அணுகுவது, எப்படிச் சுவைப்பது என்று மாணவருக்கு விளங்கப்படுத்துகிற நூல் அது. ஒருவர் ஆய்வாளர், மற்றவர் கவிஞர். இருவரும் ஒரு புத்தகத்தில் சேர்ந்ததைப் பார்க்கிறபோது எனக்குப் பழைய மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இந்த நாட்டில்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிள்ளைகள் பாட்டை மனனம் செய்து எழும்பி நின்று சொன்னார்கள். பிறகு அது பழைய பாணி என்று கைவிடப்பட்டது. இப்போது அதன் அருமை திரும்பவும் தெரிகிறது. எங்கட நியூஜேர்சியில் 1986 இல் டொட்ஜ் கவிதைத் திருவிழாவைத் தொடங்கி, கவிஞர்களின் வாயாலேயே கவிதை கேட்கச் சனத்தைக் கூட்டினார்கள். 2006 இல் உயர்தரப் பள்ளி மாணவர்கள் கவிதையை மனனம் செய்து சொல்லுகிற போட்டியை நாடு முழுவதற்கும் தொடங்கினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைக்கே வாயும் காதும் தேவை என்றால், எங்கட பிள்ளைக்கு எவ்வளவு தேவை!

"தமிழில் படிக்காத பிள்ளைக்குச் சங்கப் பாட்டா?" என்று கேட்பவர்களுக்கு ஏ.கே. இராமானுஜனைச் சொல்லலாம். மைசூரில் பிறந்த அவருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடமும் ஆங்கிலமும். 1962 இல் சிக்காகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடப் போனவரின் கையில், உ.வே.சா. 1937 இல் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. அந்தப் பாட்டுக்களை அவர் ஆங்கிலத்தில் ஆக்கி 1967 இல் வெளியிட்டார். உலகம் பலவற்றைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். சைனர் வீட்டில் கேட்டுத் தெளிந்த ஐயர் ஏட்டிலிருந்து எடுத்தார், வீட்டுத் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் அதற்கு வேறொரு மொழியில் பயன் சொன்னார். எங்கட பிள்ளைகளும் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள்தானே?

போன மார்கழியில் எங்கள் வகுப்பில் இதைச் சிறிதாகச் செய்து பார்த்தோம். ஒரு குறளை எடுத்து ஒரு பெண் பிள்ளை படித்தாள். அவளுடைய தமையன் பயன் சொன்னான், பாதி தமிழ், பாதி ஆங்கிலம். பின்வாங்கிலில் இருந்த ஒரு அம்மம்மா, "அது அப்பிடி இல்லை மோனை" என்று எழும்பினா. பெடியன் விடவில்லை, ஏன் அப்படி இல்லை என்று கேட்டான். ஒன்றே முக்கால் அடிக்கு இருபது நிமிஷம் போனது. அந்த அம்மம்மா அவ்வளவு நாளும் பேரப்பிள்ளையை ஏற்றிப்போக மட்டுமே வகுப்புக்கு வந்தவ.

ஆகையால் என்னுடைய யோசனை இதுதான். செய்யுளை நிறுத்த வேண்டாம், நயக் குறிப்பை நிறுத்துவோம். மாதத்துக்கு ஒரு பாட்டுப் போதும். ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும், மற்றப் பிள்ளை தெரிந்த மொழியில் பயன் சொல்லட்டும், பெரியவர்கள் கூட இருந்து கனைக்கட்டும். சோதனை வேண்டாம். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வீட்டுப் புத்தகங்களையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். வாயில் இருந்த பாட்டை மட்டும் எந்தச் சோதனைச் சாவடியிலும் ஒருவரும் பறிக்கவில்லை. அதை நாங்களாகவே இங்கே கீழே போட்டுவிடக்கூடாது. சித்திரைக்குப் பிறகு கூடுகிற பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கதைப்போம், எல்லாரும் வாருங்கள்.