தோல் புற்றுநோய் அறுவைக்குப் பின் முக மறுசீரமைப்பு

முகத்தில் வந்த தோல் புற்றை வெட்டி எடுத்தபின் அங்கே ஏற்படும் இழப்பை, உடலின் வேறிடத்துத் தோல், குருத்தெலும்பு, தேவைப்பட்டால் எலும்பு ஆகியவற்றைக் கொண்டு சரிசெய்யும் சிகிச்சை முக மறுசீரமைப்பு எனப்படும். தடையில்லாமல் மூச்சு விடுவது, கண்ணை முழுதாக மூடுவது, வாயோரம் ஒழுகாமல் குடிப்பது ஆகியவற்றுக்கு வழிசெய்வதே இதன் முதல் வேலை. பழைய தோற்றத்துக்கு இயன்றவரை அருகில் கொண்டுவருவது அதற்கடுத்தது. சிறிய புண்ணுக்கு ஒரே அறுவை போதும். பெரியதற்கு வாரக்கணக்கில் பல கட்டங்கள் ஆகும். வீக்கம் வடிந்து தழும்பு அடங்க ஓராண்டு வரைகூடப் பிடிக்கும். அந்த இடைக்காலத்தை நோயாளி எப்படிக் கடக்கிறார் என்பதும் சிகிச்சையின் பகுதிதான். தையல் நுட்பத்துக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்ட வேண்டும்.

நோயும் அறுவையும்

முகத்தில் வரும் தோல் புற்றுகளில் பெரும்பாலானவை ‘பேசல் செல் கார்சினோமா’ வகை. மேல்தோலின் அடியடுக்கு உயிரணுக்களில் தொடங்கி மெதுவாக வளரும். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். அடுத்தது ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’. இது கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது. மெலனோமா எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம். மூன்றுக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர் முக்கியக் காரணம். அதனால்தான் வெயில் நேரே படும் மூக்கு, காது, கன்னம், கீழ் இமை, கீழுதடு ஆகியவை அதிகம் பாதிக்கப்படுகின்றன. வெளிர்நிறத் தோலினர் மிகுந்த ஆஸ்திரேலியாவில், 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒரு தோல் புற்று கண்டறியப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பேசல் செல் புற்று மேலே மிளகளவு தெரிந்தாலும் தோலுக்கடியில் கிளை விட்டிருக்கும். கண்ணால் பார்த்து மொத்தமாக வெட்டினால் கிளையொன்று தங்கிவிடலாம். அதற்கு அஞ்சி அதிகம் வெட்டினால் நல்ல தோலும் போய்விடும். இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் மோஸ். 1930களில் அவர் வகுத்த முறையில் புற்றை மெல்லிய அடுக்காக வெட்டி, அதன் அடிப்பரப்பையும் விளிம்பையும் நுண்ணோக்கியில் முழுமையாகப் பார்த்து, புற்று மிச்சமுள்ள மூலையில் மட்டும் அடுத்த அடுக்கை எடுப்பார்கள். இப்போது இது மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்யப்படுகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே, கட்டுப்போட்ட முகத்தோடு நோயாளி வெளியே காத்திருப்பார். முகத்தில் முதன்முறை வந்த பேசல் செல் புற்றுகளை நெதர்லாந்தில் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், மோஸ் முறைக்குப் பின் 4.4 சதவீதமும் வழக்கமான அறுவைக்குப் பின் 12.2 சதவீதமும் மீண்டும் வந்திருந்தன. இந்தியாவில் சில பெரிய மருத்துவமனைகளில்தான் இந்த வசதி இருக்கிறது. மற்ற இடங்களில் போதிய அளவு நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, நோய்க்குறியியல் அறிக்கை வந்தபின் சீரமைக்கிறார்கள். விளிம்பில் புற்று இல்லை என்று உறுதியாகும் முன் பெரிய சீரமைப்பில் இறங்குவது தவறு. மிச்சமிருக்கும் புற்று புதிய தோலுக்கடியில் கண்ணில் படாமல் வளரும்.

எதைக் கொண்டு மூடுவது

சில காயங்களை மூடவே வேண்டியதில்லை. கண்ணின் உள்மூலை, மூக்கு மடிப்பு, நெற்றிப்பொட்டு போன்ற பள்ளமான இடங்களில் காயத்தை ஈரம் காயாமல் களிம்பு பூசிப் பராமரித்தால், சில வாரங்களில் தானே ஆறி, தைத்ததைவிட நன்றாக அமைவதுண்டு. கன்னத்தில் தோல் தளர்ச்சியாக இருப்பதால் நேராகத் தைத்துவிடலாம். கோடு முகச் சுருக்கத்தோடு சுருக்கமாக மறைந்துவிடும். மற்ற இடங்களுக்கு இரண்டு வழிகள். தோல் ஒட்டு என்பது காதின் முன்புறமோ பின்புறமோ கழுத்தடியிலோ தோலை முழுதாகப் பிரித்தெடுத்து வைப்பது. காயத்தின் அடிப்பரப்பிலிருந்தே அது புதிதாக இரத்தம் பெற வேண்டும். மடல் என்பது பக்கத்துத் தோலை அதன் இரத்தக் குழாயோடு ஒருபுறம் ஒட்டியிருக்க விட்டு நகர்த்தி வைப்பது. மருத்துவமனைகளில் ‘ஃபிளாப்’ என்பார்கள். நிறமும் தடிமனும் பொருந்துவதில் பெரும்பாலும் மடலே மேல். மேலுதட்டுத் துண்டைக் கீழுதட்டுக்கோ, கீழுதட்டுத் துண்டை மேலுதட்டுக்கோ திருப்பிவைக்கும் முறைகளில் ஒன்று, அதை 1898இல் வெளியிட்ட ராபர்ட் ஆபேயின் பெயரால் அறியப்படுகிறது. கீழ் இமைக்கு மேல் இமையின் உட்புறத்திலிருந்து எடுக்கும் ஹியூஸ் மடலில், அந்தக் கண் சில வாரங்கள் மூடியே இருக்கும். ஒரு கண்ணால் மட்டுமே பார்வை உள்ளவருக்கு இதைச் செய்யும் முன் மிகவும் யோசிக்க வேண்டும்.

நெற்றி மடல்

மூக்கின் நுனியோ பக்கமோ பெரிதாகப் போய்விட்டால் இன்றும் முதலில் நினைக்கப்படுவது நெற்றித் தோல். இதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. பண்டை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை கன்னத் தோலைக் கொண்டு மூக்கமைப்பதைச் சொல்கிறது. அளவுக்கு ஓர் இலையை வெட்டி வைத்துக்கொள்ளவும் மூச்சுக்குக் குழாய் வைக்கவும் அதில் குறிப்பு உண்டு. நெற்றித் தோலை எடுக்கும் முறை பின்னாளில் சில குடும்பங்களின் கைத்தொழிலாக வழங்கிவந்தது. திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலப் படையின் மாட்டு வண்டியோட்டியாக இருந்து சிறைப்பட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்பவருக்கு, புனேயில் செங்கல் சூளைத் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலால் மூக்கமைத்தார். அந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்தோடு வந்தது. அதைப் படித்த அறுவை மருத்துவர் ஜோசஃப் கார்ப்யூ 1814இல் லண்டனில் இதைச் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பா இதை ‘இந்திய முறை’ என்றே அழைத்தது. அந்தச் சூளைத் தொழிலாளியின் பெயரை யாரும் பதிவுசெய்யவில்லை.

இன்று செய்யும் விதம் இப்படி. தையல் நூல் சுற்றிவரும் அலுமினியத் தாளைக் கத்தரித்து, இழந்த பகுதியின் அச்சை எடுக்கிறார்கள். 1985இல் அறுவை மருத்துவர்கள் பர்ஜெட்டும் மெனிக்கும் மூக்கின் மேற்பரப்பை ஒன்பது சிறு பகுதிகளாக வகுத்தார்கள். ஒரு பகுதியில் பாதிக்கு மேல் போயிருந்தால் மிச்சத்தையும் நீக்கி முழுப் பகுதியாக மாற்றுவதே நல்லது என்பது அவர்கள் வாதம். அப்போது தழும்பு பகுதிகளின் எல்லைக் கோட்டில் விழுந்து, நிழலோடு நிழலாகிவிடும். அச்சை நெற்றியில் வைத்து வரைந்து, தோலை மேலிருந்து கீழாகப் பிரித்து, புருவத்தின் உள்முனையருகே மேலேறிவரும் தமனியோடு ஒரு தண்டை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்தத் தண்டோடு மடலைத் திருப்பி மூக்கில் வைத்துத் தைப்பார்கள். மூக்குத் துளை உள்ளே இழுபடாமலிருக்கக் காதுக் குருத்தெலும்பு தாங்கலாக வைக்கப்படும். நெற்றிக் காயத்தைக் கீழ்ப்பகுதியில் தைத்துவிடலாம். மேலே இழுத்துத் தைக்க முடியாத இடத்தைத் திறந்தே விட்டால் அதுவே ஆறிவிடும்.

இதன்பின் வரும் ஏறத்தாழ மூன்று வாரங்கள்தான் கடினமானவை. புருவத்திலிருந்து மூக்கு வரை, இரு கண்களுக்கும் நடுவே, சதைத் தண்டு ஒன்று தொங்கும். முதல் ஓரிரு நாள் அதன் ஓரத்தில் இரத்தம் கசியும். மூக்குக் கண்ணாடி உட்காராது. படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இதுவே பெரிய தொல்லை. பார்வையின் நடுவில் எப்போதும் ஏதோ இருந்துகொண்டே இருக்கும். மூக்குநுனியைத் தொட்டால் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும், ஏனெனில் நரம்பு இன்னும் நெற்றியுடையது. மூன்றாம் வாரத்தில் தண்டைத் துண்டிப்பார்கள்; சிலருக்கு நடுவே மடலை மெலிதாக்கும் இன்னோர் அறுவை செய்து, அதற்குப் பிறகே துண்டிப்பார்கள். மூக்கு அப்போதும் தடித்தே இருக்கும். தாழ்ந்த நெற்றி உள்ளவருக்கு மடலோடு முடியும் வந்துவிடும். அதைப் பிறகு லேசரால் நீக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கு மடலின் நுனி கருகும் ஆபத்து கூடுதல் என்பதால், அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் கட்டாயம் விடச் சொல்வார்கள்.

பல மருத்துவர்கள் அறுவைக்கு முந்திய படத்தையும் ஓராண்டு கழிந்த படத்தையும் காட்டி ஒப்புதல் வாங்குகிறார்கள். இடைப்பட்ட தண்டின் படத்தைக் காட்டினால் நோயாளி பயந்து மறுத்துவிடுவார் என்ற தயக்கம் அதற்குக் காரணம். இந்தத் தயக்கம் தவறானது. முன்கூட்டிப் பார்த்தவர் கட்டைப் பிரிக்கும் நாளில், “இதைத்தான் அன்றைக்குக் காட்டினீர்கள்” என்று சொல்ல முடிகிறது. பார்க்காதவர் தனக்கு மட்டும் ஏதோ தவறாகிவிட்டது என்று நினைக்கிறார். படத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்பவருக்கு எளிய ஒட்டு, செயற்கை மூக்கு போன்ற மாற்று வழிகளைச் சொல்லலாம்.

மனமும் சுற்றமும்

முகம் மாறியவர்கள் வாழ்க்கைக்குத் திரும்புவதைப் பற்றி மருத்துவம் முதலில் கற்றது போர்க்காலத்தில்தான். முதல் உலகப் போரில் அறுவை மருத்துவர் ஹரோல்ட் கில்லீஸ் பணியாற்றிய, இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனைக்கு அருகே, முகம் சிதைந்த வீரர்கள் உட்காரச் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். எதிர்ப்படுவோர் திடுக்கிடாமலிருக்க அது முன்னெச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரில் அதே நாட்டின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊரில் அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ வேறு வழி எடுத்தார். தீக்காயம்பட்ட விமானப்படையினரைச் சிகிச்சை நடக்கும்போதே கடைத்தெருவுக்கு அனுப்பினார். ஊராரிடம் பேசி, அவர்களை இயல்பாக நடத்தச் சொன்னார். ‘முறைத்துப் பார்க்காத ஊர்’ என்று அந்த ஊருக்குப் பெயர் வந்தது. அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 1941இல் தொடங்கிய ‘கினி பிக் கிளப்’ போருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1992இல் பிரிட்டனில் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ அமைப்பைத் தொடங்கினார். இளவயதில் கார் தீப்பிடித்ததில் முகம் கருகியவர் அவர். அந்நியர் பார்வையை எப்படி எதிர்கொள்வது, என்ன பதில் சொல்வது என்பவற்றைப் பழகிக்கொள்ளும் திறமைகளாகக் கற்றுத்தர முடியும் என்று அந்த அமைப்பு காட்டியது.

தழும்பின் அளவுக்கும் மன வேதனைக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதைப் பல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. மூக்கில் பாதியை இழந்தவர் ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம். உதட்டோரச் சிறு கோட்டுக்காக ஒருவர் கல்யாண வீடுகளைத் தவிர்க்கலாம். ஆகவே “இதெல்லாம் ஒன்றுமே இல்லை” என்று வீட்டார் தேற்றுவது உதவாது. நம் ஊரில் “மூக்குக்கு என்ன ஆச்சு?” என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரே கேட்பார். அதற்கு ஒரே வரியில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்வது பலருக்குக் கைகொடுக்கிறது: “கட்டி இருந்தது, எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்கேன். நீங்க எங்க இறங்கணும்?” சேதியைச் சொல்லி, கேட்டவரையும் ஆசுவாசப்படுத்தி, பேச்சைத் திருப்பும் முறை இது. முதன்முறை கண்ணாடி பார்ப்பதைச் செவிலியரோ நெருங்கிய ஒருவரோ உடனிருக்கும்போது வைத்துக்கொள்வது நல்லது. பேரப்பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். சொன்னால் குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாகப் பழகிக்கொள்வார்கள். தூக்கமின்மை, எப்போதும் அழுகை, வெளியே வர மறுப்பது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் சிகிச்சையே.

புற்று என்ற சொல் தரும் அச்சம் தனி. உறவினர் நோயாளியின் தட்டை ஒதுக்கி வைப்பது இன்றும் நடக்கிறது. தோல் புற்று தொற்றுவதில்லை. இதை நோயாளியிடம் சொல்வதோடு நிறுத்தாமல், குடும்பத்தாரைக் கூப்பிட்டு மருத்துவரே சொல்ல வேண்டும்.

தழும்பைப் பேணுதல்

புதுத் தழும்பு சிவந்து, தடித்து, அரிக்கும். முதிர்ந்து வெளிறி மென்மையாக ஆறு முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். காயம் முழுதாக மூடியபின் சிலிக்கோன் பூச்சோ தாளோ பயன்படுத்துவதும், விரல் நுனியால் நாளும் அழுத்தி நீவுவதும் உதவும். மாநிறத்திலும் கருநிறத்திலும் தழும்பு கருத்துப்போவதும் மேடாக எழுவதும் வெளிர்நிறத் தோலைவிட அதிகம். எனவே வெயில் படாமல் காப்பது நமக்கும் பொருந்தும். நெற்றி மடல் எடுத்த கோடு திருநீறும் பொட்டும் வைக்கும் இடத்தையொட்டியே வருகிறது; காயம் முழுதாக ஆறி, மருத்துவர் சரி என்னும் வரை இரண்டையும் தள்ளிவைக்க வேண்டும். புதிதாக அமைத்த மூக்கில் மீண்டும் மூக்குத்தி குத்துவதற்கு முன்பும் கேட்டே செய்ய வேண்டும்.

முழு மூக்கும் போய், அறுவையைத் தாங்கும் உடல்நிலை இல்லாதவர்களுக்குச் சிலிக்கோனில் செய்த செயற்கை மூக்கு நல்ல வழி. பசையாலோ கண்ணாடிச் சட்டத்தோடு சேர்த்தோ எலும்பில் பதித்த டைட்டானியத் திருகின் காந்தத்தாலோ பொருத்துவார்கள். நிறம் மங்குவதால் அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே புற்று மீண்டும் வருகிறதா என்று கழற்றிப் பார்க்க முடிவது இதிலுள்ள நன்மை. கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும் அளவுக்குப் பரவியவர்களுக்குக் கதிர்வீச்சும், 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விஸ்மோடெஜிப், 2018இல் அனுமதி பெற்ற செமிப்லிமாப் போன்ற மருந்துகளும் பயன்படுகின்றன.

தொடர் கவனிப்பு

ஒருமுறை வந்தவருக்கு வேறிடத்தில் புதிதாக வருவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் 6 மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை முழு உடல் தோலையும் பரிசோதிக்க வேண்டும். நம் தோலில் பேசல் செல் புற்று பெரும்பாலும் கருநிறத்தில், பளபளப்பான விளிம்போடு தோன்றுவதால் மச்சம் என்றே விட்டுவிடுகிறார்கள். மரு என்று சுண்ணாம்பு வைத்து எரிப்பதும் உண்டு. எரித்தால் மேல்பகுதி மட்டும் உதிரும், அடியில் வளர்ச்சி தொடரும். முகத்தில் நான்கு வாரமாகியும் ஆறாத புண், பொருக்கு உதிர்ந்து மறுபடி இரத்தம் கசியும் இடம், வளர்ந்துகொண்டே போகும் புதிய மச்சம் இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்துச் செய்யும் பயாப்சியிலேயே தெரிந்துவிடும். மிளகளவில் இருக்கும்போது எடுத்தால், பெரும்பாலும் சில தையல்களோடு அன்றே வீடு திரும்பலாம்.