கலப்பையும் கலைமாடமும்

மராட்டிய மண்ணில் உழவர்க்கு இரும்புக் கலப்பையை வார்த்தளித்த லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர், ஓவியராக வேண்டும் என்ற வேட்கையுடன் பம்பாய்க்குப் போனவர். 1869ஆம் ஆண்டு ஜூன் 20இல் பெல்காம் மாவட்டத்துக் குர்லஹொசூரில் பிறந்த அவர், பதினாறாம் அகவையில் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். நிறங்களைச் செவ்வனே பிரித்தறிய அவர் கண்களுக்கு இயலவில்லை. ஆகவே வண்ணத்தை விட்டு, கோடுகளே போதுமான எந்திர வரைகலையைப் பயின்றார்; பின்னர் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார்.

அங்கே அவருக்குரிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ-இந்தியருக்கு அளிக்கப்படவே, வேலையைத் துறந்தார். அந்த அவமதிப்பே அவரைத் தொழிலதிபர் ஆக்கியது என்று கூறுவாருண்டு. அது பாதி உண்மையே. சகோதரர் ராமண்ணாவுடன் பெல்காமில் மிதிவண்டிக் கடையை அவர் தொடங்கியது 1888லேயே அன்றோ!

வைக்கோல் வெட்டும் பொறியை அடுத்து இரும்புக் கலப்பை செய்தார். இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகும் என அஞ்சினர் உழவர். முதற்கலப்பை விலைபோக ஈராண்டுகள் ஆயின. உழவரை அறியாதவர் என இகழ்தல் எளிது. ஆனால் ஒரு போகம் பொய்த்தால் ஆண்டு முழுதும் பசித்திருக்க வேண்டியவர் அவர். புதியதைத் தொட அவர் தயங்கியதில் வியப்பில்லை. லட்சுமண்ராவ் சினவாது காத்திருந்தார்.

நகர விரிவாக்கத்தின் பொருட்டுப் பட்டறையைக் காலி செய்யுமாறு பெல்காம் நகராட்சி ஆணையிட்டது. அந்நெருக்கடியில் கைகொடுத்தவர் ஔந்து சமஸ்தானத்து அரசர். குண்டல் ரோடு புகைவண்டி நிலையத்தருகே 32 ஏக்கர் நிலமும் கடனும் அவர் உதவினார். கள்ளி மண்டிய அத்தரிசில் 1910இல் எழுந்ததே கிர்லோஸ்கர்வாடி. தொழிற்சாலையோடு ஊரும் வளர்ந்தது. தீண்டாமைக்கு அவ்வூரில் இடமளிக்கப்படவில்லை. சிறை மீண்டோரை இரவுக் காவலுக்கு அமர்த்தினார் லட்சுமண்ராவ்; பிறர் கதவடைத்த கைகளில் தம் சாவிகளை ஒப்படைத்த துணிவு, கலப்பை வார்த்ததினும் அரியது எனலாம். 1956இல் அவர் மறைந்தார்.

இலக்கிய அன்பர்க்கு இனிக்கும் செய்தி ஒன்றுண்டு. அவருடைய உறவினர் சங்கரராவ் 1920இல் அவ்வூரில் தொடங்கிய 'கிர்லோஸ்கர் கபர்' என்னும் தொழிற்சாலைச் செய்தியேடு, நாளடைவில் 'கிர்லோஸ்கர்' என்ற பெயர்பெற்ற மராத்தி மாத இதழாயிற்று. அதன் வழியே 1930இல் பெண்டிர்க்கென 'ஸ்திரீ' இதழும், 1934இல் 'மனோகர்' இதழும் பிறந்தன.