ஆசனத்துக்குள் ஒரு சரித்திரம்

மோட்டாருக்கு எஞ்சின்தான் உயிர் என்கிறோம். ஆனால் ஏறி உட்காருகிறவருக்கு வண்டி என்பது ஆசனமும் கூரையுந்தான். அந்த இரண்டையும் மோட்டாருக்குத் தந்தவர்கள் குதிரை வண்டி கட்டியவர்கள்!

சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி முதலில் கட்டியது குதிரை வண்டிகளைத்தான். 1903-ல் அந்தக் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். சாரட்டுக்குத் தோல் தைத்த கை மோட்டாருக்கும் தைத்தது. பீட்டன், லாண்டோ என்ற குதிரை வண்டிப் பெயர்கள்கூட மோட்டாரோடு ஒட்டிக்கொண்டன. ஆரம்பகாலக் கார்கள் பெரும்பாலும் திறந்தவையே. 1920-களில் மூடிய கார் மலிவானதும், கூரை மடக்கும் கார் உல்லாசப் பொருளாகிவிட்டது.

நம் பக்கத்துக் கதை ஒன்று. 1961 முதல் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாராயிற்று. இங்கிலாந்தில் 1959-ல் பிறந்த அந்தக் காரின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. கம்பெனிக்கு உடற்கூடு செய்து தந்த ஆலையை 1953-லேயே போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், ஹெரால்டைப் பழைய முறையில் தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக போல்ட்டு போட்டுப் பூட்டினார்கள். கூரையும் அப்படியே. ஆகவே 1960-ல் கூரை மடக்கும் ஹெரால்டும் எளிதாக வந்தது. இக்கட்டு அழகைக் கொடுத்த கதை இது!

இத்தகைய பழைய காரின் உட்புறத்தை வீட்டிலேயே புதுப்பிக்க நினைப்பவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்? தரையிலிருந்து. கூரை ஒழுகிய தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் தங்கித் தகட்டை அரித்திருக்கும். துரு நீக்கிய பிறகே ஆசனம். மேலே தோல் அல்லது ரெக்ஸின், அடியில் குதிரை மயிரோ தேங்காய் நாரோ, அதற்கும் கீழே சாக்குத் துணி, ஸ்பிரிங் என்பது அந்நாளைய வரிசை. கிழிந்த உறையை வீசிவிடக் கூடாது. தையலை பிளேடால் நிதானமாகப் பிரித்து, துண்டுகளுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் இலக்கமிட்டு வைத்தால், அவையே புது உறைக்கு அளவு. கூரைத் துணியை வெயிலில் காய வைத்து, அது இளகியிருக்கும்போது இழுத்துப் பூட்ட வேண்டும். நனைந்த கூரையை மடக்கினால் பூஞ்சைதான் மிச்சம்.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பளபளவென்று புதிதாகத் தைப்பது சுலபம். ஆனால் பழைய தையலின் இடைவெளியில் பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கைப்பழக்கம் இருக்கிறது. அவன் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை; அந்த உறையில்தான் எழுதப்பட்டிருக்கிறான்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இன்று ஒரகடத்துக் கார் ஆலைகள் நிற்கின்றன. வாலாஜாபாத்தை அடுத்துத் தென்னேரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் வழங்கிய திரையன் ஏரியே தென்னேரி ஆயிற்று என்பார்கள். அந்த ஏரி இன்றுவரை நிலைத்திருப்பது எதனால்? தலைமுறைதோறும் தூர் வாரியவர்களும், உடைந்த கரையை அடைத்தவர்களும் இருந்ததால்தான். வெட்டியவன் பெயர் நிற்கிறது; அதை நிற்க வைத்தது செப்பனிட்டவர்களின் மண்வெட்டி. ஊசிக்கும் அந்தப் பெருமை உண்டு.