மலையுச்சி வானொலியும் சென்னையும்

சிறிய வானொலிக் கருவி, ஒரு பேட்டரி, சுருட்டி வைத்த கம்பி ஆன்டெனா ஆகியவற்றை முதுகில் சுமந்து மலையுச்சிக்கு நடந்தே ஏறி, அங்கிருந்து பிற வானொலி நிலையங்களோடு பேசுவது அமெச்சூர் வானொலியின் ஒரு பிரிவாகும். அமெச்சூர் வானொலியாளர்கள் ‘ஹாம்’ எனப்படுவர். இவர்கள் வணிக நோக்கம் இல்லாதவர்கள். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்றவர்கள். இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் இத்தேர்வை எழுதலாம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற இடங்களில் வாழும் ஹாம்களுக்கு ஒரு குறை உண்டு. அவர்களைச் சுற்றி மலையே இல்லை. கடலை ஒட்டிய தட்டையான நிலத்தில், மொட்டை மாடிதான் அவர்களுடைய மலை.

உயரம் ஏன் தேவை?

‘சிற்றலை’ எனப்படும் குறைந்த அதிர்வெண் அலைகள் வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். கடல் கடந்தும் கேட்கும். ஆனால் கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே செல்கின்றன. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். மாணவர்கள் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அலை எட்டும் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 9 மீட்டர் உயர மாடிக்கு 12 கி.மீ.; ஏறத்தாழ 90 மீட்டர் உயரமுள்ள பரங்கிமலைக்கு 39 கி.மீ.; சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்கு 189 கி.மீ. மறுமுனையில் இருப்பவருடைய தொடுவானத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கருவியின் திறன் வெறும் 5 வாட் ஆனாலும் உச்சியில் நின்றால் குரல் வெகுதூரம் போவது இதனால்தான்.

வானொலிக்கு முன்பே

நேர்க்கோட்டுப் பார்வைக்காக உயரம் தேடும் வழக்கம் சென்னைக்குப் புதிதன்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கு அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை அதிலிருந்தே வளர்ந்தது. அளவையாளர்கள் ஓர் உச்சியில் நின்று அடுத்த உச்சியைத் தொலைநோக்கியால் குறிபார்த்தார்கள். குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றியபோது அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே செப்பனிட்டார். இன்று கைப்பேசி அளவிலான கருவியோடு மலையேறுபவர்கள் அந்த அரை டன்னை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

சென்னையின் வானொலி ஆர்வலர்கள்

இந்நகரில் வானொலியைத் தொடங்கியதும் அரசு அன்று, ஆர்வலர்கள்தாம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று 40 வாட் திறனுடைய கருவியைக் கொண்டு ஒலிபரப்பு தொடங்கியது. மாலை வேளைகளில் இசையும் உரைகளும் ஒலித்தன. பணமுடையால் 1927இல் கழகம் மூடப்பட்டது. அதன் கருவி மாநகராட்சியின் கைக்குச் சென்றது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வழியே மக்கள் கேட்டனர். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது.

மறு ஆண்டு உலகப் போர் மூண்டதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன; ஒலிபரப்பும் கருவிகளை ஒப்படைக்க நேர்ந்தது. போர் முடிந்த பிறகே ஹாம்கள் மீண்டும் வாய் திறந்தனர்.

மலைகளுக்கு மதிப்பெண்

மலையேறி வானொலி இயக்குவதை ஒழுங்குபடுத்திய திட்டம் பிரிட்டனில் 2002 மார்ச் 2 அன்று தொடங்கியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைச் ‘சோட்டா’ என்பர். வாகனத்தில் அமர்ந்தபடி இயக்கக் கூடாது. எண்ணெயில் ஓடும் மின்னாக்கி கூடாது. பேட்டரியும் சூரியத் தகடும் மட்டுமே அனுமதி. உச்சியிலிருந்து 25 மீட்டர் இறக்கத்துக்குள் நின்று பேச வேண்டும். குறைந்தது நான்கு நிலையங்களோடு தொடர்பு கொண்டால் மலைக்குரிய மதிப்பெண் கிடைக்கும். பலர் தூண்டில் கம்பையே ஆன்டெனாக் கம்பமாக நட்டுக்கொள்கின்றனர். 14 மெகாஹெர்ட்ஸ் சிற்றலைக்கு 10 மீட்டர் கம்பி போதும்.

எந்தக் குன்றும் சேராது. சுற்றியுள்ள நிலத்தைவிடப் பொதுவாக 150 மீட்டராவது எழும்பி நிற்க வேண்டும். சில பகுதிகளில் மட்டும் 100 மீட்டர். ஆகவே லாம்டனுக்குப் போதுமானதாக இருந்த பரங்கிமலை இங்கே தேறாது. சென்னைக்காரர் உண்மையான மலையைத் தேடினால் ஆந்திர எல்லையில் உள்ள நகரி, நாகலாபுரம் மலைகளுக்கோ, சவ்வாது மலைக்கோ, ஏற்காட்டுக்கோதான் போக வேண்டும்.

மலையின் பயனைத் தென் மாவட்ட மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொடைக்கானல் பண்பலை அவர்களுக்குப் பழக்கமானது. 1980களில் தென் தமிழக வீடுகளில் நெடிய குழாய்க் கம்பங்களை நட்டு இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தவர்களும் பலர். அந்த அலைகளைக் கடல் தாண்டச் செய்தது 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலை.

மலை இல்லாத குறையைச் சில ஆண்டுகளுக்கு வானமே தீர்த்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே ‘ஹாம்சாட்’ என்ற 42.5 கிலோ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 600 கி.மீ.க்கும் மேலான உயரத்தில் பறந்த அதன் வழியாக, சிறிய யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்தபடி மாடியிலிருந்தே அயல்நாடுகளோடு பேச முடிந்தது. 2014 வரை அது இயங்கியது.

பேரிடரும் காடும்

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதே பயணத்தின் நோக்கம். 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் அடங்கியதும், பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த அதே கருவிகள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் இருகரையும் மூழ்கியபோது சென்னையின் கைப்பேசிகளும் பல இடங்களில் ஊமையாயின. மின்சாரமும் கோபுரமும் இன்றிப் பேசப் பழகுவதற்கு மலையுச்சியைவிட நல்ல வகுப்பறை கிடைப்பது அரிது.

ஆனால் மலை விளையாட்டுத் திடல் அன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் சென்னையிலிருந்து சென்றவர்கள். அதன்பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைத் தடங்களை முன்பதிவு முறையில் திறந்தது. கருவியோடு செல்லும் ஹாம் வனத்துறையின் அனுமதியை மட்டுமன்றி, உரிமத்தில் உள்ள முகவரியைவிட்டு வேறிடத்தில் இயக்குவது பற்றிய விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற முடியாதவர்களுக்கும் சோட்டா திட்டத்தில் இடம் உண்டு. உச்சியில் உள்ளவரின் மெல்லிய குறிப்பை வீட்டிலிருந்தே பிடித்துப் பதில் சொல்பவர் ‘துரத்துநர்’ எனப்படுவார். மலைக்குரிய மதிப்பெண் அவருக்கும் கிடைக்கும். மூட்டுவலியோடு மயிலாப்பூர் மாடியில் அமர்ந்திருக்கும் ஒருவர் பதில் கொடுத்தால்தான், எங்கோ காற்றில் நடுங்கியபடி உச்சியில் நிற்பவருடைய நான்கு தொடர்புகளில் ஒன்று நிறைவேறும்.